நாற்பத்து மூன்று பூட்டு

கரிக்கொட்டா ஹவுசிங் போர்டில் யாரும் போறேன் என்று சொல்லமாட்டார்கள். துறைமுகத்துக்கு வேலைக்குப் போகிறவனும், தண்ணீர் லாரிக்குக் குடத்தைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறவளும், முக்குக் கடைக்கு பீடி வாங்கப் போகிறவனும்கூட வாசலில் ஒரு நொடி நின்று, உள்ளே ஆள் இருந்தாலும் இல்லாவிட்டாலும், "பூட்டு வரேன்" என்று சொல்லிவிட்டுத்தான் செருப்பை மாட்டுவார்கள். உள்ளே இருப்பவர் வாயில் சோறு இருந்தாலும் "ம், பூட்டு வா" என்பார். போய்விட்டு என்பது அந்தப் பக்கத்து வாயில் பூட்டு என்று ஆகி எத்தனையோ காலம். அதில் சாவியும் இல்லை, தாழ்ப்பாளும் இல்லை. பின்னால் வரும் வரேன்தான் பேச்சு. அந்த வரேன் இல்லாமல் சொல்வது ஒரே ஒரு சமயத்தில்தான். "பூட்டாரு" என்பார்கள். அப்புறம் சங்கு ஊதுவார்கள்.

இது பூர்ணிமாவுக்குத் தெரியாது. அவள் கோயமுத்தூர்க்காரி.

நகரத்து மக்களையே கலைஞர்கள் ஆக்குவது என்று ஒரு திட்டம். அதில் கேமராவும் லேப்டாப்புமாக மூன்று மாதம் போர்டுக்கு வந்துபோனாள் பூர்ணிமா. நல்ல பெண். போர்டு பெண்களுக்கு போனிலேயே படம் எடுக்கவும் வெட்டவும் ஒட்டவும் சொல்லிக்கொடுத்தாள், அவர்கள் போட்ட கருவாட்டுக் குழம்பை மூக்கில் தண்ணீர் வழியச் சாப்பிட்டாள், கடைசியில் ஆட்களை ஒவ்வொருவராக அவரவர் வாசலில் நிறுத்தி, "வீட்டை விட்டுக் கிளம்பறப்ப என்ன சொல்லுவீங்களோ, அதைச் சொல்லுங்க" என்று கேட்டுப் படம் பிடித்தாள். நாற்பத்து மூன்று பேர் சொன்னார்கள். பிலோமினா மட்டும் கதவுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டாள்.

"ஒரே ஒரு வார்த்தைதானுங்க அக்கா."

"வேணாம்மா. எங்க வூட்டு செவுத்துல ஏற்கெனவே ஒரு மூஞ்சி கீது. மாலையோட. அது போதும்."

அது அவள் மகன் ரீகனின் படம். பைக்கில் போனவன். நாலு வருஷம் ஆகிறது. பிலோமினாவின் புருஷன் சூசை மட்டும் வாசலில் நின்று கேமராவைப் பார்த்து ஏதோ சொன்னான். அவள் உள்ளே குக்கர் சத்தத்தில் அதைக் கேட்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பொழுது சாய்ந்ததும் நாலாம் பிளாக்கின் பெரிய சுவருக்கு வெள்ளை அடித்து, ப்ரொஜெக்டரை ஒரு வாட்டர் டேங்க் மேல் ஏற்றி, இரண்டு சவுண்ட் பாக்ஸை வைத்துப் படத்தைப் போட்டார்கள். சுவர் முழுக்க மூன்று மாடி உயரத்துக்கு முகங்கள். ஒவ்வொரு முகமும் வந்து, பார்த்து, பூட்டு என்று சொல்லிவிட்டுப் போனது. பூட்டு. பூட்டு. பூட்டு. பிள்ளைகள் விசில் அடித்தார்கள். அவரவர் முகம் வந்தபோது அவரவர் வீட்டில் கத்தினார்கள். யாருக்கும் அது என்ன சொல்கிறது என்று காதில் ஏறவில்லை, தன் மூஞ்சி மூன்று மாடி உயரத்துக்கு வந்தால் எவனுக்கு ஏறும். கவுன்சிலர் கை தட்டினார். பூர்ணிமா அழுதாள். அன்றைக்கே ரயில் ஏறி ஊருக்குப் போனாள். படம் மட்டும் நிற்காமல் திரும்பத் திரும்ப ஓடிக்கொண்டிருந்தது.

திங்கட்கிழமை காலை வேலைக்குப் போனவர்கள் சாயங்காலம் திரும்பவில்லை.

திரும்பினார்கள், உள்ளே வரவில்லை. முதலில் வந்தவன் ஆட்டோ ஏழுமலை. போர்டின் நுழைவில் கார்ப்பரேஷன் கட்டிய ஒரு வளைவு உண்டு. அதற்குள் ஆட்டோவை விட்டான், விட்ட வேகம் குறையாமல், குலுக்கல் இல்லாமல், வளைவை விட்டு வெளியே தெருவைப் பார்த்து வந்துகொண்டிருந்தான். தூக்கக் கலக்கம் என்று நினைத்துத் திருப்பினான். மறுபடியும் வெளியே. இறங்கி நடந்தான். உள்ளே தூக்கி வைத்த வலது கால் வெளியே வந்து விழுந்தது. பின்னால் மீன் கூடையோடு வந்தவளுக்கும் அப்படி, ஆஸ்பத்திரியில் தரை துடைத்துவிட்டு வந்தவளுக்கும் அப்படி, பெயிண்ட் வேலைக்குப் போனவர்கள் ஆறு பேர் கையைக் கோத்துக்கொண்டு ஒன்றாக ஓடி உள்ளே பாய்ந்தார்கள், ஆறு பேரும் கையைக் கோத்தபடி பஸ் ஸ்டாப்பைப் பார்த்து ஓடிக்கொண்டிருந்தார்கள். ஆனால் கூரியர்க்காரன் வந்தான், போனான். நாய் வந்தது, போனது. பிலோமினா பால் வாங்கப் போய்ப் பாலோடு வந்தாள். விளக்கு வைப்பதற்குள் போர்டு கணக்குப் போட்டுவிட்டது. சுவரில் வந்தவன் வெளியே போனால் திரும்ப முடியாது. நாற்பத்து மூன்று பேரில் இருபத்தாறு பேர் வெளியே, பதினேழு பேர் உள்ளே.

குடியிருப்போர் சங்கத் தலைவர் தணிகாசலம் ஓடிப்போய் ப்ரொஜெக்டரின் ஒயரைப் பிடுங்கினார். படம் நின்றது. வேறு ஒன்றும் நிற்கவில்லை.

போலீஸ் வந்தது. வளைவைச் சுற்றி வந்து, உள்ளே ஒரு தரம் வெளியே ஒரு தரம் நடந்து பார்த்து, எங்களுக்கு ஒன்றும் ஆகவில்லையே என்று எழுதிக்கொண்டு போனது. பாதிரியார் தண்ணீர் தெளித்தார். பூசாரி எலுமிச்சம்பழம் அறுத்தார். தர்காவிலிருந்து தாயத்து வந்தது. செவ்வாய்க்கிழமைக்குள் எதிர் பிளாட்ஃபாரத்தில் தார்ப்பாய் கட்டியாயிற்று. உள்ளே இருந்து சோறு வெளியே போனது, வெளியே இருந்து அழுக்குத்துணி உள்ளே வந்தது, கணவன்மார் பிளாட்ஃபாரத்தில் உட்கார்ந்து கத்த, மனைவிமார் மாடியில் நின்று கத்த, தெருவில் போகிற பஸ் ஒவ்வொன்றும் அவர்கள் பேச்சை நடுவில் வெட்டிவிட்டுப் போனது. வெளியே நின்று வளைவைப் பார்த்து "வரேன், வரேன்" என்று தொண்டை கட்டும்வரை கத்தியவர்களும் உண்டு. பலிக்கவில்லை. வெளியே நின்று சொல்கிற வரேன் வேறு. வாசலில் நின்று சொல்லியிருக்க வேண்டியது வேறு.

"இன்னா கஸ்தூரி, புருசன் இல்லாத வூடு எப்டி கீது?" என்று ஏழுமலை பிளாட்ஃபாரத்திலிருந்து சிரித்துக்கொண்டே கேட்டான்.

"கொறட்ட சத்தம் இல்லாம நல்லாத்தான்யா கீது" என்று அவன் பொண்டாட்டி மாடியிலிருந்து சொன்னாள். சொல்லிவிட்டு முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள்.

இரண்டு நாளில் பழகிவிட்டது. எதுதான் பழகாது. பயம் மட்டும் பழகவில்லை. அதுவும் பிலோமினாவுக்கு.

சூசைக்குச் சிறுநீரகம் இரண்டும் போய்விட்டது. செவ்வாயும் வெள்ளியும் டயாலிசிஸ். இரண்டு வருஷமாக ஒரு நாள் தவறாமல் அவன் கையைப் பிடித்துப் படியிறக்கி, ஏழுமலை ஆட்டோவில் ஏற்றி, நாலு மணி நேரம் மெஷின் பக்கத்தில் உட்கார்ந்து கூட்டி வருகிறவள் அவள். சூசை சுவரில் வந்தவன். செவ்வாய்க்கிழமை வந்தபோது அவனைக் கூட்டிக்கொண்டு வளைவுவரை வந்தாள். அங்கே நின்றாள். எதிரே தார்ப்பாயும், சாக்கடையும், ஈயும், ஆட்டோவில் தயாராக ஏழுமலையும் தெரிந்தது. ரத்தத்தைச் சுத்தம் பண்ணிக்கொண்டு, கையில் ஊசி குத்திய ஓட்டையோடு, அந்தப் பிளாட்ஃபாரத்தில் இவன் எத்தனை நாள் படுப்பான். திருப்பிக் கூட்டிவந்தாள். நாளைக்குச் சரியாகிவிடும் என்றாள். அவளே நம்பவில்லை.

புதன்கிழமை காலை சூசையின் கால் தூணாக வீங்கியிருந்தது. அழுத்தினால் விரல் குழி அப்படியே நின்றது. படுக்க முடியவில்லை, சுவரில் சாய்ந்து உட்கார்ந்தபடி மூச்சு வாங்கினான். ஒவ்வொரு மூச்சும் உள்ளே போய்த் திரும்பி வருமா என்று பிலோமினா பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"வெளியவே தங்கிக்கலாம்யா. சர்ச்சுல கேக்கறேன். எடம் குடுப்பாங்க."

"மாட்டேன்."

"ஆஸ்பத்திரியிலயே சேத்துருவாங்க."

"செத்தா எங் கட்டுல்ல சாவறேன். நீ சோத்த வையி."

அன்றைக்கு மத்தியானம் பூர்ணிமா வந்து சேர்ந்தாள். தணிகாசலம் எழுபது தரம் போன் அடித்து வரவழைத்தார். முகம் வெளிறிப்போய் வளைவுக்குள் நுழைந்தாள். அவள் கேமராவுக்குப் பின்னால் நின்றவள், அவளுக்குத் தடையில்லை. ஜனம் முழுக்க நாலாம் பிளாக் சுவருக்கு முன்னால் கூடிவிட்டது. தணிகாசலம் லேப்டாப்பைக் காட்டி, "போடும்மா. இன்னா மந்திரம் வெச்ச இதுல, போட்டுக் காட்டு" என்றார். வெயிலில் சுவரில் ஒன்றும் தெரியவில்லை. பாக்ஸிலிருந்து குரல் மட்டும் வந்தது.

பூட்டு. பூட்டு. பூட்டு.

இப்போது முகம் இல்லை. அதனால் காது கேட்டது. பிலோமினா பூர்ணிமாவின் பக்கம் திரும்பினாள்.

"ஏம்மா," என்றாள், "வரேன் எங்க?"

"எதுங்க்கா?"

"வரேன்மா. பூட்டு வரேன்ல, வரேன் எங்க?"

பூர்ணிமா திருதிருவென்று விழித்தாள். "அது... பூட்டுன்னா, உள்ள இருக்கறவங்ககிட்ட கதவைப் பூட்டிக்கச் சொல்றதில்லீங்களா? அத்தனை பேரும் வெளிய போறப்ப வீட்டைப் பத்தியே நினைக்கறாங்கன்னு... எனக்கு அழுகையே வந்துருச்சுங்க. பின்னாடி வந்த வார்த்தை இழுத்துச்சு. வெட்டிட்டேன்."

ஒருத்தி பக்கென்று சிரித்தாள். அப்புறம் அவள் சிரிப்பும் நின்றது. நாற்பத்து மூன்று பேர் வாயிலிருந்து வரேனை வெட்டி எறிந்து, மிச்சத்தை மூன்று மாடி உயரத்துக்கு, வந்தவர் போனவர் கேட்க, நூறு தரம் சொல்ல வைத்தால் என்ன ஆகும் என்று போர்டில் யாருக்கும் யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

"வெட்டுனத எங்கம்மா போட்ட?" என்று தணிகாசலம் கேட்டார். அவர் குரல் இறங்கியிருந்தது.

"வேஸ்ட்னு ஒரு ஃபோல்டர் இருக்குங்க. அதுல கிடக்கும்."

கிடந்தது. பூர்ணிமா தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, ஒவ்வொரு பூட்டுக்கும் அதற்குரிய வரேனைத் தேடி ஒட்டினாள். பெண்கள் சுற்றி நின்று இது அவன் குரல், இது இவள் இருமல் என்று அடையாளம் சொன்னார்கள். எடிட்டிங் அவள் சொல்லிக்கொடுத்ததுதான், கஸ்தூரி இன்னொரு போனில் பாதியை ஒட்டினாள். விளக்கு வைக்கிற நேரத்துக்கு வேலை முடிந்தது. சுவரில் படம் விழுந்தது. ஏழுமலையின் முகம் மூன்று மாடிக்கு எழுந்து, "பூட்டு வரேன்" என்றது. எதிர் பிளாட்ஃபாரத்தில் ஆட்டோ கிளம்பியது. வளைவுக்குள் நுழைந்தது. உள்ளேயே வந்தது. கஸ்தூரி மாடியிலிருந்து படியில் விழுந்து எழுந்து ஓடினாள். அப்புறம் மீன்காரி, பெயிண்டர்கள், தரை துடைப்பவள் என்று சுவரில் ஒரு முகம் சொல்லச்சொல்ல வளைவில் ஒரு ஆள் வந்தார். கத்தலும் அழுகையுமாக இருந்தது. பிலோமினா சுவரில் வந்த முகங்களை எண்ணிக்கொண்டே இருந்தாள். நாற்பது. நாற்பத்தொன்று. நாற்பத்திரண்டு.

கடைசியில் சூசையின் முகம் வந்தது. பார்த்தது. "பூட்டு" என்றது. வாயை மூடிக்கொண்டது.

"இதுக்கு ஒட்டலியாம்மா?"

பூர்ணிமா லேப்டாப்பை அவள் பக்கம் திருப்பினாள். "இல்லீங்க்கா. வேஸ்ட்ல நாற்பத்திரண்டுதான் இருக்கு. அவரு... அவ்வளவுதான் சொன்னாரு. நான் வெட்டவே இல்லைங்க."

பிலோமினா மாடி ஏறினாள். படிக்கட்டில் இரண்டு தரம் உட்கார்ந்தாள். இரண்டு வருஷமாக அவன் வெளியே போகும்போதெல்லாம் அவளும் கூடவே போயிருக்கிறாள். அவனுக்கு யாரிடமும் சொல்லிக்கொள்ள வேண்டியிருந்ததில்லை. அதற்கு முன்னால் அவன் என்ன சொல்லிக்கொண்டிருந்தான் என்று யோசித்துப் பார்த்தாள். ஞாபகம் வரவில்லை. தினம் கேட்கிற சொல் நின்றுபோனது எப்போது என்று அவளுக்குத் தெரியவே இல்லை. அதுதான் அவளை அதிகம் பயமுறுத்தியது.

சூசை சுவரில் சாய்ந்திருந்தான். தலைக்கு மேலே ரீகன்.

"யோவ். ஏன்யா வரேன்னு சொல்லல?"

அவன் பதில் சொல்ல மூன்று மூச்சு தேவைப்பட்டது. "அவன் இன்னா சொல்ட்டுப் போனான்?" என்று மேலே கையைக் காட்டினான். "பூட்டு வரேன் நைனான்னான். வந்தானா?"

"அதுக்கு?"

"தெரியாதத சொல்லமாட்டேன். ஒவ்வொரு வாட்டியும் அந்த மெஷின்ல படுக்கசொல்லோ வருவனா மாட்டனான்னு எனுக்குத் தெரியாது. பொய் சொல்லச் சொல்றியா?"

"ஒரு பொய் சொல்லுய்யா. எனுக்காக. கீழ பொட்டியோட நிக்கிது அந்தப் பொண்ணு. ஒரே ஒரு வார்த்த."

"போடி."

கெஞ்சினாள். திட்டினாள். கஸ்தூரி வந்து கெஞ்சினாள், தணிகாசலம் வந்து சங்கத்தின் சார்பில் கேட்டுக்கொண்டார். சூசை கண்ணை மூடிக்கொண்டான். முப்பது வருஷம் கிரேன் ஓட்டியவன். கீழே ஆள் நிற்கிறான் என்றால் லோடை இறக்கமாட்டான், முதலாளி கத்தினாலும் இறக்கமாட்டான். அவனிடம் போய்ப் பொய் கேட்டால்?

வியாழக்கிழமை காலை அவன் உதடு நீலம் பாய்ந்திருந்தது. இனிமேல் யோசிக்க ஒன்றுமில்லை. பிலோமினா முகத்தைக் கழுவினாள். தலையை வாரினாள். ரீகன் போனதிலிருந்து வைக்காத பவுடரை வைத்தாள். கீழே இறங்கி, ராத்திரி கஸ்தூரி வீட்டில் படுத்திருந்த பூர்ணிமாவை எழுப்பினாள்.

"என்னிய எடும்மா."

"அக்கா, நீங்கதான் வேண்டாம்னு..."

"போறவன் வரேன்னு சொல்லலன்னா இருக்கறவ வான்னு சொல்லணும். அதான எங்க வழக்கம். அந்தாளு பூட்டு சொல்ட்டாரு. மீதிய நான் சொல்றேன். அவரு மூஞ்சி பக்கத்துல என் மூஞ்சிய ஒட்டு."

கேமராவைப் பார்த்தாள். சுவரில் ஏறுகிற முகம் மாலையோடுதான் இறங்கும் என்ற பயம் இன்னும் போகவில்லை. "வா" என்றாள். முதல் தரம் குரல் வரவில்லை. இரண்டாம் தரம் வந்தது.

ஏழுமலை சூசையைத் தூக்கிக்கொண்டு இறங்கினான். ஆட்டோவில் உட்காரவைத்தான். பிலோமினா பழக்கத்தில் ஒரு காலை உள்ளே வைத்தாள். வைத்தவள் எடுத்துக்கொண்டாள். வா என்று சொல்கிறவள் உள்ளே இருந்தாக வேண்டும்.

"நீ வர்லியா?" என்றான் சூசை. முதல்முறையாக அவன் கண்ணில் பயத்தைப் பார்த்தாள்.

"இல்ல."

அவன் "பூட்டு" என்றான். வாய் அசைந்தது. மூடிக்கொண்டது.

"பூட்டு வா" என்றாள் பிலோமினா. ஆட்டோ வளைவைத் தாண்டியது.

எட்டரை மணிக்கு பாக்ஸைப் போட்டார்கள். சுவரில் வெயில், முகம் ஒன்றும் தெரியவில்லை. அவன் குரல் பூட்டு என்றது, அவள் குரல் வா என்றது. பூட்டு, வா. பூட்டு, வா. போர்டு முழுக்க அதைக் கேட்டுக்கொண்டே துணி துவைத்தது, மீன் கழுவியது, சோறு வடித்தது. அது பலிக்குமா என்று யாருக்கும் தெரியாது, ஒட்டுப் போட்ட பேச்சு இது, ஒரு வாயிலிருந்து பாதி, இன்னொரு வாயிலிருந்து பாதி. கேட்கவும் யாருக்கும் தைரியம் இல்லை. பதினோரு மணிக்கு ஏழுமலை போன் பண்ணினான். மெஷினில் போட்டாயிற்று, டாக்டர் கண்டபடி திட்டினார், பிரஷர் இறங்கியது, ஏறியது. அப்புறம் போன் இல்லை. ஒரு மணி. ஒன்றரை. பிலோமினா வளைவுக்கு இந்தப் பக்கம் ஒரு குடத்தைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்திருந்தாள்.

இரண்டு மணிக்கு கரண்ட் போனது.

பாக்ஸ் பூட்டு என்று சொல்லிவிட்டு நின்றது. அந்த இடத்தில்தானா நிற்க வேண்டும். தணிகாசலம் ஜெனரேட்டருக்கு ஓடினார். பூர்ணிமா லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தாள், அதிலிருந்து வருகிற சத்தம் பஸ் சத்தத்தில் கொசு மாதிரிக்கூடக் கேட்கவில்லை. தெரு முனையில் ஏழுமலையின் ஆட்டோ திரும்பியது.

பிலோமினா எழுந்தாள். "வா" என்றாள். ஆட்டோ வளைவுக்கு வந்தது, முன் சக்கரம் உள்ளே நுழைந்தது, நுழைந்த ஆட்டோ தெருவைப் பார்த்து வெளியே வந்துகொண்டிருந்தது. ஏழுமலை தலையில் அடித்துக்கொண்டான். அவன் இறங்கி நடந்தால் உள்ளே வரலாம், சூசை இருக்கிற வண்டியோடு முடியாது. பின் சீட்டில் ஒரு துணி மூட்டை மாதிரி சூசை சாய்ந்திருந்தான்.

"வா!" கத்தினாள். "வாய்யா! வா!"

மறுபடி வந்தது ஆட்டோ. மறுபடி வெளியே போனது. கஸ்தூரி பக்கத்தில் வந்து நின்று "வா மாமா" என்றாள். மீன்காரி வந்தாள். பெயிண்டர்கள் வந்தார்கள். வா என்று தெரு முழுக்கச் சொன்னது, மாடிகளில் சொன்னார்கள், தெரியாத சொல்லைப் போல நாக்கில் வைத்துப் பார்த்து பூர்ணிமாவும் சொன்னாள். பிலோமினாவின் தொண்டை கிழிந்துவிட்டது. சத்தம் வரவில்லை. காற்றுதான் வந்தது. அந்தக் காற்றையும் வா என்றே விட்டாள். மூன்றாம் தரம் ஆட்டோ வளைவுக்குள் மூக்கை நுழைத்தது. முன் சக்கரம். அப்புறம் பின் சக்கரம். அப்புறம் அது உள்ளே நின்றது.

சூசை மெதுவாகத் தலையை வெளியே நீட்டினான். உதட்டில் கொஞ்சம் நிறம் திரும்பியிருந்தது.

"கத்தாதடி," என்றான். "வந்துட்டேன்."

வரேன் என்று சொல்லாத வாய். நடந்து முடிந்ததை மட்டும் சொல்கிற வாய். பிலோமினா அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். கட்டுப் போட்ட கை. சூடாக இருந்தது. அவள் வாய் மட்டும் நிற்காமல் சத்தமில்லாமல் வா, வா என்று அசைந்துகொண்டே இருந்தது.

அப்போது கரண்ட் வந்தது. நாலாம் பிளாக் சுவரடியில் இரண்டு பாக்ஸும் உறுமி, எடுத்த எடுப்பில் சூசையின் குரலில், போர்டு முழுக்க அதிர, "பூட்டு" என்றன.

பிலோமினா அவன் கையை இறுக்கினாள். வெள்ளிக்குப் பதில் சனிக்கிழமை மறுபடியும் வரச்சொல்லியிருக்கிறார்கள் என்று ஏழுமலை ஏதோ சொல்லிக்கொண்டிருந்தான். அவள் கேட்கவில்லை. தன் குரல் வருகிறதா என்று சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.